ஆடும் முள்ளும் சாய்ந்த தராசும்

கிரிவலம் வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. திருவண்ணாமலையில் மலை என்னவோ ஒன்றுதான். ஆனால் பார்க்கிற இடத்துக்குத் தகுந்தபடி அது உருவை மாற்றிக்கொண்டே இருக்கும். ரமணாசிரமத்து வாசலில் நின்று பார்த்தால் ஒரு மாதிரி. செங்கம் ரோட்டைவிட்டுத் திரும்பி அடி அண்ணாமலைப் பக்கம் போனால் வேறு மாதிரி. இன்னும் நடந்து, பஞ்சமுக தரிசனம் என்று எல்லோரும் கை கூப்புகிற இடத்துக்கு வந்தால் ஒரே மலை ஐந்து முகமாக நிற்கும். 14 கிலோமீட்டரும் சுற்றி முடித்தவருடைய மனத்தில்தான் மலையின் முழு வடிவம் படியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறியவருக்கு, பாவம், படியாது.

ஸி.டி. ஸ்கேன் என்கிறார்களே, அந்த இயந்திரம் செய்வதும் கிரிவலம்தான். மேஜைமேல் அசையாமல் படுத்திருக்கிற ஆசாமி மலை. எக்ஸ்ரே குழாய் யாத்திரீகன். ஒரு விநாடிக்குள் ஒரு பிரதட்சிணத்தை முடித்துவிடுகிற யாத்திரீகன்! காலில் கொப்புளமும் கிடையாது, வழியில் சுக்குக் காபியும் கிடையாது.

போன வாரம் ஊறுகாய்க்குப் பூசணம் பிடிப்பதைப் பற்றி எழுதிவிட்டு இந்த வாரம் இதற்குத் தாவுகிறேனே என்று நினைக்காதீர்கள். காரணம் எங்கள் ரமண நகர் எதிர்வீட்டு மாமி. ஒரு நாள் சாயங்காலம் கையில் இரண்டு பெரிய கவர்களோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

மாமாவுக்கு ஒரு காலத்தில் சிகரெட் பழக்கம் உண்டு. விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இருமல் நிற்கவில்லை என்று ஆறு மாதத்துக்கு முன் மார்பில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு சின்ன முடிச்சு, 6 மில்லிமீட்டர். கவலைப்படாதீர்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பார்த்தாயிற்று. இப்போது 7 என்று எழுதியிருக்கிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் மாமி கவரைப் பிரித்துத் தாமே படித்துவிட்டார். நம்மில் யார்தான் பிரிக்காமல் இருப்போம்?

"வளர்ந்துவிட்டது, இல்லையாம்மா?" என்றார். அப்புறம் இரண்டாவது படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "இதைப் பார். முதல் படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது! இது மணலைத் தூவினாற்போல இருக்கிறதே. 'குறைந்த கதிர்' என்று வேறு போட்டிருக்கிறான். கதிரைக் குறைத்துச் சரக்கையும் குறைத்துவிட்டானோ?"

நான் டாக்டர் இல்லை. மாமிக்கும் அது தெரியும். ஆனால் இரண்டும் நியாயமான கேள்விகள். மணல் தூவின படத்தை நம்பலாமா? அந்தப் படத்திலிருந்து எடுத்த 7 என்கிற எண்ணை நம்பலாமா? இவை இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

ஆதியிலிருந்து வருவோம். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்புகள் தெரிந்தன, விரலில் மோதிரம் தெரிந்தது. சதை? ஒரு மங்கலான புகை. அந்தக் குறை எக்ஸ்ரேக்குப் பிறவிக் குறை. உடம்பின் முன்பக்கம், நடு, பின்பக்கம் எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். எலும்பு கறுப்பு‑வெளுப்பாகப் பிரியும். ஆனால் சதைக்குப் பக்கத்தில் இருக்கிற வேறு சதை பிரியாது.

இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது ஒரு நினைவு வராமல் போகாது. 1949ஆம் வருஷம் ஆரம்பத்தில் ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கையருகே, ஒரு சிறு கட்டி. டாக்டர்கள் ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார்கள். ஸார்கோமா என்கிற கொடிய வகை என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் நாலு ஆபரேஷன். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு மகரிஷி சமாதி அடைந்தார். இன்றைய கருவிகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசுவது நமக்கு அழகல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம்: கட்டி சதைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கத்தி வைப்பதற்கு முன்பே அளந்து சொல்ல அன்று உலகத்தில் எந்த டாக்டரிடமும் சாதனம் இல்லை. விரலால் தொட்டுப் பார்த்து மதிப்பிட வேண்டியதுதான்.

சதைக்குள் சதையை எப்படிப் பிரிப்பது? இதற்கு நம் சமையலறையிலேயே ஒரு கணக்குப் போடலாம்.

அலமாரியில் நாலு டப்பாக்கள், மேல் தட்டில் இரண்டு, கீழ்த் தட்டில் இரண்டு. மூடியைத் திறக்கக்கூடாது. தனித்தனியாக நிறுக்கவும் கூடாது. இரண்டிரண்டாகத்தான் தராசில் வைக்கலாம். மேல் தட்டு இரண்டும் சேர்ந்து 5 கிலோ. இடப்பக்கம் மேலும் கீழுமாக இருப்பவை சேர்ந்து 3 கிலோ. மேல் வலது, கீழ் இடது, குறுக்காக இரண்டும் சேர்ந்து 6 கிலோ. இப்போது மேல் இடது டப்பா மட்டும் எவ்வளவு? ஐந்தையும் மூன்றையும் கூட்டி ஆறைக் கழியுங்கள். மிச்சம் 2. அதில் அந்த டப்பா இரண்டு தடவை வந்திருக்கிறது. ஆகவே 1 கிலோ. அதைக் கொண்டு மேல் வலது 4 என்றும் கீழ் இடது 2 என்றும் சொல்லிவிடலாம். கீழ்த் தட்டு இரண்டும் சேர்ந்து 7 என்று தெரிந்தால் கடைசி டப்பா 5. மூடியே திறக்கவில்லை!

ஸ்கேன் இயந்திரமும் உடம்பைச் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்துக்கொள்கிறது. நாலு அல்ல, ஒரு குறுக்குவெட்டுக்கே லட்சக்கணக்கில். ஒவ்வொரு கோணத்திலிருந்தும் கதிர் உள்ளே போய் வெளியே வரும்போது வழியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்கிற மொத்தம் மட்டும் கிடைக்கும். அந்த மொத்தங்களிலிருந்து ஒவ்வொரு டப்பாவின் எடையையும் மீட்டெடுக்க வேண்டும்.

இப்படி மீட்க முடியும் என்று 1917லேயே ஆஸ்திரிய கணித மேதை ராடன் நிரூபித்து வைத்துவிட்டார், வைத்தியத்தைப் பற்றி நினைக்காமலேயே. 1963லும் 1964லும் அலன் கார்மக் என்கிற பௌதிகப் பேராசிரியர் இதே கணக்கை எக்ஸ்ரேக்காகப் போட்டுப் பிரசுரித்தார். உலகம் கண்டுகொள்ளவில்லை. ஆர்வத்தோடு பிரதி கேட்டு எழுதியவர்களில் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் உண்டு என்று பின்னால் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் இயந்திரத்தைக் கட்டியவர் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த இஞ்சினீயர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. ஆமாம், நாய் குழாயருகில் உட்கார்ந்து கேட்குமே, அந்த இசைத்தட்டுக்கு உடைய அதே இ.எம்.ஐ.தான். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு ஸ்திரீயின் தலையை அந்த இயந்திரம் படம் எடுத்தது. ஒரு வெட்டுக்கு 28,800 அளவுகள். படத்தில் பக்கத்துக்கு 80 கட்டங்கள். கட்டி இருந்த இடம் தெரிந்தது.

அதே 1971இல் நம் பக்கத்திலிருந்தும் ஒரு காரியம் நடந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜி.என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ஸி.வி. ராமனிடம் பயின்றவர். 1952இல், முப்பது வயதுகூட நிறையாத நிலையில், சென்னை சர்வகலாசாலையில் பௌதிகத் துறைத் தலைவரானார். தோலையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கிற கொலாஜென் என்கிற பொருள் மூன்று புரிகளாகத் திரித்த கயிறு போன்றது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னவர் அவர்தான். எக்ஸ்ரே விழுந்த தடத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பொருளின் உருவத்தை ஊகிப்பதே அவர் ஆயுள் முழுவதும் செய்த தொழில். சென்னையிலிருந்து பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்குப் போனபின் 1971இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நிழலிலிருந்து பொருளை மீட்டல்'. கவிதைத் தலைப்பு மாதிரி இல்லை? உள்ளே முழுக்க கணக்கு!

அதே வருஷம் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அமெரிக்க விஞ்ஞானப் பேரவையின் சஞ்சிகையில் இன்னொரு கட்டுரை எழுதினார். சாராம்சம் இதுதான். ஒவ்வொரு கோணத்திலும் விழுந்த நிழலை வந்த வழியே திருப்பிப் பூசிக்கொண்டே வந்தால் பொருளின் உருவம் கிடைக்கும். ஆனால் கோலமாவு கசிந்து பரவினாற்போல சுற்றிலும் கலங்கல் சேர்ந்துவிடும். அதைப் போக்க, பூசுவதற்கு முன்பே நிழலை ஒரு சல்லடையில் சலிக்க வேண்டும். ஒவ்வொரு அளவிலும் அக்கம்பக்கத்து அளவுகளிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, தூரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அப்புறம் பூசினால் கலங்கல் தானே அடிபட்டுப் போகும். வெறும் கூட்டல், பெருக்கல், கழித்தல். அந்த நாள் கம்ப்யூட்டர்கள் படுகிற சிரமம் எவ்வளவோ குறைந்தது. வானொலி வானவியலில் 1967லேயே பிரேஸ்வெல், ரிடில் என்கிற இருவர் இதையொத்த வழியைக் கண்டிருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கும் உலகத்தில் எந்த நாட்டில் ஸி.டி. ஸ்கேன் பாடம் நடத்தினாலும் அந்தச் சல்லடைக்குப் பெயர் 'ராம்‑லாக்'. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்! 1979இல் நோபல் பரிசு கார்மக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போயிற்று. ராமச்சந்திரனுக்கு எந்த வேலைக்காகவும் அந்தப் பரிசு வரவில்லை. 2001இல் சென்னையில் காலமானார். பரிசு இல்லாவிட்டால் என்ன, பெயர் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சமாதானம் போதவில்லை.

சரி, டப்பாவின் எடை தெரிந்துவிட்டது. அதற்கு என்ன அலகு? ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி நிற்கும். நல்ல ஈரல் 55, 60 என்று இருக்கும். 40க்குக் கீழே இறங்கினால் ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். மூளையில் புதிதாக உறைந்த ரத்தம் 60, 80. கெட்டி எலும்பு 1000ஐத் தாண்டும். நுரையீரல் முடிச்சில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் எண் ஏறும். பழைய க்ஷயத்தின் தழும்பு பெரும்பாலும் அப்படிப்பட்டது; அதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பாருங்கள், படத்தின் அழகைவிட எண்ணுக்குத்தான் மதிப்பு. டாக்டர் தீர்மானிப்பது பல சமயம் எண்ணை வைத்து.

பின் ஏன் கதிரைக் குறைத்துப் படத்தில் மணலைத் தூவ வேண்டும்? கதிர் இலவசம் அல்ல, அதனால்தான். நாம் எல்லோருமே மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிஸீவர்ட் கதிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இது உலக சராசரி. சாதாரண மார்பு ஸ்கேன் ஒன்றில் 5, 7 என்று ஆகிவிடும். குறைந்த கதிர் ஸ்கேன் என்றால் ஒன்றோ ஒன்றரையோ. ஒரு தடவைக்கு இதில் பெரிய அபாயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று போகிறவருக்குச் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பிரிட்டனில் குழந்தைப் பருவத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட 1,75,000க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பத்து வயதுக்குள் 10,000 பேருக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து வருஷத்துக்குள் ஒருவருக்கு ரத்தப் புற்றும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் கூடுதலாக வரக்கூடும் என்றார்கள். தலையில் பலத்த அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கத் தயங்கக்கூடாது. "எதற்கும் ஒன்று எடுத்துவிடுங்களேன் டாக்டர்" என்று நாமே கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

குறைந்த கதிருக்கும் சாமர்த்தியம் உண்டு. அமெரிக்காவில் புகை பிடித்தவர்கள் 53,000க்கு மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெறும் எக்ஸ்ரே, இன்னொன்றுக்குக் குறைந்த கதிர் ஸ்கேன் என்று வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் பிரிவில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 20 சதவிகிதம் குறைவு. 2011இல் வந்த முடிவு இது. மணல் தூவின படம்தான் அத்தனை பேரைக் காப்பாற்றியது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது? மழையை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஒரே அளவான பத்துப் பாத்திரங்களை வைக்கிறீர்கள். லேசான தூறல், ஒவ்வொன்றிலும் சராசரி 100 துளி. ஆனால் ஒன்றில் 90 விழும், ஒன்றில் 110 விழும். பத்து சதவிகித வித்தியாசம் சகஜம். கொட்டுகிற மழையில் 10,000 துளி விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100தான். அதாவது ஒரு சதவிகிதம். எக்ஸ்ரேயும் துளித் துளியாகத்தான் விழுகிறது. கதிரை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் மணல் இரண்டு மடங்காகும். இது இயந்திரத்தின் மட்டம் அல்ல, மழையின் சுபாவம்.

நம் டப்பாக் கணக்கில் 6 கிலோ என்பதைத் தராசு தவறி 5 என்று காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் மூன்றும் எட்டு; எட்டில் ஐந்து போனால் மூன்று; பாதி ஒன்றரை. ஒரு கிலோ டப்பா ஒன்றரைக் கிலோ ஆகிவிட்டது! மொத்தத்தில் வந்த சிறு பிழை தனி டப்பாவில் பெரிய பிழையாகிறது. ராம்‑லாக் சல்லடைக்கும் இந்தக் குணம் உண்டு. கலங்கலைக் கழித்து விளிம்புகளைக் கூராக்குகிறபோது மணலையும் சேர்த்துக் கூராக்கிவிடும். ஆகையால் கதிரைக் குறைக்கக் குறைக்க அந்தச் சல்லடை மட்டும் போதாமல் போயிற்று.

2009ஐ ஒட்டி வேறு முறை பரவலாக வந்தது. நாம் சாம்பாருக்கு உப்புப் போடுகிற முறைதான். முதலில் ஓர் உத்தேசப் படம். 'உடம்பு இப்படி இருந்தால் நிழல் எப்படி விழுந்திருக்கும்?' என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். நிஜமாக விழுந்த நிழலோடு ஒப்பிடும். வித்தியாசத்துக்குத் தக்கபடி படத்தைத் திருத்தும். மறுபடி ருசி பார்க்கும். துளி குறைவாக விழுந்த கதிரின் பேச்சைக் குறைவாகவே நம்பும். வேடிக்கை என்னவென்றால், ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரமும் திருப்பித் திருப்பித் திருத்துகிற வகைதான். இடையில் முப்பது வருஷத்துக்கு மேல் ராம்‑லாக் குடும்பத்தின் ஆட்சி. கம்ப்யூட்டருக்கு வேகம் வந்ததும் பழைய வழி புது வேஷத்தில் திரும்பிற்று. 2019 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, மணல் எது, உருவம் எது என்று அதையே பிரிக்கச் சொல்கிறார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மணலைத் துடைத்தால் படம் வழுவழுவென்று அழகாகிவிடும். ஆனால் அளவுக்கு மீறித் துடைத்தால், பக்கத்துச் சதையோடு லேசாக மட்டும் வேறுபடுகிற சின்னஞ்சிறு புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். போட்டோ ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்ணின் முகத்தை 'டச்' செய்கிறேன் என்று மூக்கு மச்சத்தையே அழித்துவிடுவானே, அதுபோல. கல்யாண ஆல்பத்துக்குச் சரி. ஈரலுக்குச் சரிப்படாது.

தராசில் இரண்டு விதக் கோளாறு உண்டு என்று மளிகைக் கடைக்குப் போகிற நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, முள் ஆடிக்கொண்டே இருப்பது. நாலு தடவை நிறுத்துச் சராசரி பார்த்தால் சரியான எடை கிடைத்துவிடும். இன்னொன்று, முள் ஆடாமல் கம்பீரமாக நிற்கும். ஆனால் தராசே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நூறு தடவை நிறுத்தாலும் அதே பொய்தான். குறைந்த கதிர் படத்தின் மணல், ஆடுகிற முள். ஈரலில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருக்கிற நூற்றுக்கணக்கான கட்டங்களின் சராசரியை எடுத்தால் எண் நம்பகமாகவே இருக்கும், படம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும். சின்ன முடிச்சில்தான் சிரமம். சராசரி பார்க்க உள்ளே போதிய கட்டம் கிடையாது.

சாய்ந்த தராசு வேறு வழியில் வருகிறது. தோள்பட்டை, இடுப்பெலும்பு போன்ற தடிப்பான இடங்களைத் தாண்டும்போது கதிர் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, மறுபக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேரும். அப்போது கருவியின் சொந்த முணுமுணுப்பே கணக்கில் புகுந்து எண்ணை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குழாயின் மின் அழுத்தத்தைக் குறைத்தும் கதிரைக் குறைக்கலாம்; ஆனால் அப்படிச் செய்தால் சுண்ணாம்புச் சத்தின் எண் ஏறும், கொழுப்பின் எண் இன்னும் கீழே இறங்கும். உடம்பு மாறவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. இருதயக் குழாயில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்க்கிற கணக்கில் 130க்கு மேல் இருப்பதைத்தான் எண்ணுவார்கள். அந்த 130 ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்காக, 120 கிலோவோல்ட்டுக்காக, வைத்த எல்லை. அழுத்தத்தை மாற்றிவிட்டு எல்லையை மாற்றாவிட்டால் இல்லாத சுண்ணாம்பு இருப்பதாகக் கணக்கு வரும். இதற்காகத்தான் தண்ணீர் நிரப்பிய ஓர் உருளையை வைத்து, பூஜ்யம் பூஜ்யமாகக் காட்டுகிறதா என்று அடிக்கடி சோதிக்கிறார்கள்.

மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாமே அளந்தார். முதல் படம் தடித்த வில்லைகளாக வெட்டினது. இரண்டாவது மெல்லிய வில்லை. திராட்சை போட்ட கேக்கைத் தடியாக வெட்டினால் திராட்சையின் ஓரம் கேக்கோடு கலந்து மங்கிவிடும். மெல்லியதாக வெட்டினால் முழுசாகத் தெரியும். ஒரே முடிச்சை இரண்டு பேர் அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆவது சகஜம் என்றார். நுரையீரல் முடிச்சுகளுக்கு வழிமுறை வகுத்திருக்கிற ஃப்ளைஷ்னர் சங்கம் 2017இல் சொன்னதும் அதுதான்: 2 மில்லிமீட்டராவது கூடியிருந்தால்தான் வளர்ச்சி. அதற்காக அவர் அலட்சியமாகவும் விடவில்லை. 6 என்பது நிஜமாகவே 7 ஆனால் விட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது; ஆனால் உருண்டையின் கன அளவு ஏறக்குறைய 60 சதவிகிதம் கூடிவிடும். ஆகவே இன்னும் ஒரு தடவை, அதே இயந்திரம், அதே மெல்லிய வில்லை, அதே குறைந்த கதிர் என்று எழுதிக் கொடுத்தார். மாமி அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று மாமா சொன்னார்.

'அதே இயந்திரம்' என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முன்னே பின்னே ஒப்பிட வேண்டிய ஸ்கேனை இந்தத் தடவை இங்கே, அடுத்த தடவை வேலூரில், அப்புறம் பெண் இருக்கிற சென்னையில் என்று எடுத்தால், மூன்று கடைத் தராசில் ஒரே தங்கத்தை நிறுத்த கதைதான். தவிர்க்க முடியாவிட்டால் பழைய ஸ்கேனையும் கொண்டுபோங்கள். படத் தகட்டை மட்டும் அல்ல. தகட்டில் அச்சான படத்திலிருந்து யாரும் எண்ணை மறுபடி அளக்க முடியாது. ஸி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ மூலப் பதிவைக் கேட்டு வாங்கி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாள் அதற்கும் தங்க விலை வரும்.

ஸ்கேன் மேஜையில் படுக்கும்போது வயிறோ மார்போ எடுப்பதானால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். தோள் வலிக்கிறது என்று ஒரு கையைக் கீழே இறக்கிவிடாதீர்கள். அந்தக் கையின் எலும்பு ஈரலின் குறுக்கே கோடு கோடாகக் கீறிவிடும், கதிரும் ஜாஸ்தி ஆகும். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உலோகம் எதுவும் கூடாது. ரவிக்கை ஊக்கு, கொண்டை ஊசி, சேஃப்டி பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு சின்ன ஊக்கு போதும், சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி கீற்று அடித்து அக்கம்பக்கத்து எண்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட. தாலியைப் பற்றி மாமியும் கேட்டார். எல்லாப் பெண்களும் கேட்பதுதான். தலைக்கோ வயிற்றுக்கோ எடுக்கும்போது தாலிக்கொடியை அந்த இடத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டால் போதும். மார்புக்கு எடுக்கும்போது மட்டும் அந்த ஐந்து நிமிஷத்துக்குக் கழற்றித்தான் ஆக வேண்டும். மஞ்சள் கயிறு ஒன்று கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம்; நூலும் மஞ்சளும் எக்ஸ்ரேயின் கண்ணில் படவே படாது.